‘பெரூஸ்’ என்றால் நுனிப்புல் மேய்வதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் ஆங்கிலச் சொல் பகுதியில் ‘பெரூஸ்’ என்ற வினைச்சொல்லுக்கு ‘மேலோட்டமாகப் புரட்டிப் பார்த்தல்’ என்று பொருள் போட்டிருக்கிறீர்கள். அதோடு விட்டீர்களா, இதுதான் சரி, மற்றதெல்லாம் பண்டிதர்களின் பிடிவாதம் என்று ஒரு குத்தல் வேறு.

15ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தச் சொல் புழக்கத்துக்கு வந்தபோது படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ‘யூஸ்’ என்பதன் முன்னால் ‘முழுக்க’ என்று பொருள்படும் ‘பெர்’ சேர்ந்து, தேயத் தேயப் பயன்படுத்தித் தீர்ப்பதைக் குறித்தது. ஆராய்ந்து பார்ப்பது, படிப்பது எல்லாம் 16ஆம் நூற்றாண்டில் வந்தவை. ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில், வாட்போட்டியில் ஹாம்லெட்டைக் கொல்லத் திட்டமிடும் அரசன் கிளாடியஸ், அவனோடு மோதப்போகும் லாயர்டீஸிடம் சொல்வது உங்களுக்குத் தெரியாததா? ஹாம்லெட் கள்ளமில்லாதவன், வாட்களைப் ‘பெரூஸ்’ செய்ய மாட்டான், நீ முனை மழுக்காததை எடுத்துக்கொள்ளலாம் என்கிறான். அவன் கூர்ந்து பார்க்க மாட்டான் என்பதை நம்பித்தான் அந்தச் சதியே. சரி, சாமுவேல் ஜான்சன் தன் 1755 ஆங்கில அகராதியில் வெறுமனே ‘படித்தல்’ என்றும் போட்டிருக்கிறார், இன்றைய அகராதிகள் சில உங்கள் பொருளையும் சேர்த்துக்கொண்டன. ‘அதுவும் உண்டு’ என்று எழுதியிருந்தால் நான் பேனாவையே தொட்டிருக்க மாட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலாளர் நாற்பது பக்க ஒப்பந்த வரைவை ‘ஃபார் யுவர் பெரூசல்’ என்று சீட்டு ஒட்டி என் மேசைக்கு அனுப்பினார். நானும் உங்கள் கட்டுரையாளர் மாதிரியே புரிந்துகொண்டு, அரை மணி நேரத்தில் புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். 31ஆம் பக்கத்தில் தொகை எண்ணில் ஒன்று, எழுத்தில் வேறொன்று. அந்த வருட இன்கிரிமென்ட் போயிற்று. அன்று மாலை வாங்கிய அகராதி இன்னும் இருக்கிறது, அட்டை பிய்ந்து, ‘பி’ வரிசைத் தாள்கள் கழன்று, ரப்பர் பேண்ட் போட்டு. அதைத்தான் நான் 15ஆம் நூற்றாண்டுப் பொருளில் ‘பெரூஸ்’ செய்திருக்கிறேன்.

உங்களுக்கு இது முதல் தடவையும் இல்லை. மூன்று வருடம் முன்பு ‘டெசிமேட்’ (இன்றைய பொருளில், பெருமளவில் அழித்தல்) பற்றி எழுதினீர்கள். அது பத்தில் ஒரு வீரனைக் கொல்லும் ரோமானியப் படைத் தண்டனையிலிருந்து வந்தது என்று நான் அனுப்பிய இரண்டு பக்கத்தை நான்கு வரியாக வெட்டி, ‘ரோமானிய’ என்பதை ‘ருமேனிய’ என்று அச்சிட்டீர்கள். தெரிந்தவர்கள் இன்னும் என்னைக் கேட்கிறார்கள். அதற்குத் திருத்தம் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதிலே இல்லை. குறுக்கெழுத்து விடைகள் மாறி வந்த கதையை நான் எடுக்கவே இல்லை.

அடுத்த இதழில் ஒரே ஒரு வரி திருத்தம், அதே பக்கத்தில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போட்டால் போதும். இந்தக் கடிதத்தையும் வெட்டுவதானால் என் இன்கிரிமென்ட் கதையை எடுத்துவிடுங்கள், ஹாம்லெட்டை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்