எக்ஸ்ரே ‘நார்மல்’, வலி மட்டும் போகவில்லை: எங்கள் ஸ்கேன் மையத்திலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு தம்பி இரண்டு கவர்களோடு எங்கள் வரவேற்பு மேசைக்கு வந்தார். ஒன்றில் ஒன்றரை வருடத்துக்கு முன் எங்களிடம் எடுத்த இடுப்பு எக்ஸ்ரே இருந்தது. இன்னொன்றில் வெளியூரில் எடுத்த எம்.ஆர்.ஐ. “நீங்க நார்மல்னு எழுதிக் கொடுத்தீங்க. அங்க அழற்சி இருக்குன்னு எழுதியிருக்காங்க. எது சரி சார்?” என்று கேட்டார். சண்டைக்கு வரவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

இரண்டையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிப் பார்த்தேன். அந்த எக்ஸ்ரேயில் இப்போது தேடினாலும் ஒரு குறையும் இல்லை. எம்.ஆர்.ஐயும் சரியாகத்தான் இருந்தது. தவறு எங்கள் ரிப்போர்ட்டில். ‘நார்மல்’ என்று ஒரே சொல்லோடு முடித்துவிட்டோம். “இந்த வகை நோய் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. பார்க்கவும்” என்று ஒரு வரி சேர்த்திருந்தால், அவருக்கு ஒன்றரை வருடம் வெறும் வலி மாத்திரையிலேயே ஓடியிருக்காது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்களில் பலருக்கும் இதே குழப்பம் இருக்கும் என்பதால்தான் இந்த மடல்.

அழற்சி என்பது பெரிய வார்த்தை மாதிரி தெரியும். கட்டெறும்பு கடித்த இடம் சிவந்து, சூடாகி, தடித்து, வலிக்கிறதே, அதேதான். அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது, நீர் கோக்கிறது. மூட்டுக்குள் இது நடந்தால் உள்ளே இருக்கும் சவ்வு தடிக்கிறது. ஆக, அழற்சியைப் பார்க்க வேண்டுமானால் நீரையும் ரத்த ஓட்டத்தையும் பார்க்க வேண்டும். எக்ஸ்ரேக்கு இந்த இரண்டும் பிடிபடாது. அது எலும்பின் சுண்ணாம்புச் சத்தைப் பார்க்கிற கருவி. 1895-இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்ஜன் தன் மனைவியின் கையைப் படம் எடுத்தபோது விரல் எலும்புகளும் மோதிரமும் தெளிவாக விழுந்தன, சதை லேசான நிழலாக மட்டும் இருந்தது. இன்றைக்கு டிஜிட்டல் எக்ஸ்ரே வந்துவிட்டது, படம் எவ்வளவோ கூர்மையாகிவிட்டது, ஆனாலும் அந்த அடிப்படை மாறவில்லை.

சுவரில் ஓதம் ஏறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் உள்ளே ஈரம் கோக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. பல மழைக்காலம் போன பிறகுதான் காரை உதிரும். எக்ஸ்ரே காட்டுவது உதிர்ந்த காரையை. ஈரத்தையே காட்டுவது எம்.ஆர்.ஐ.

அந்தத் தம்பிக்கு இருந்தது ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற முதுகுத்தண்டு அழற்சி நோய். முதுகுத்தண்டின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் இடத்தில், இரண்டு பக்கமும் ஒவ்வொரு மூட்டு இருக்கிறது. எஸ்.ஐ. ஜாயின்ட் என்பார்கள். பெரும்பாலும் அங்கேதான் இது தொடங்கும், அதுவும் 45 வயதுக்குள். வலியின் குணத்தைக் கவனித்தாலே பாதி தெரிந்துவிடும். பாரம் தூக்கியதால் வந்த வலி, படுத்தால் குறையும். இது படுத்தால் கூடும். விடியற்காலையில் எழுப்பிவிடும். எழுந்ததும் அரை மணி நேரமாவது இடுப்பு மரத்துப்போன மாதிரி பிடித்திருக்கும், நடந்து வேலை பார்க்க ஆரம்பித்தால் இளகும். இப்படி மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால் மூட்டு நோய் மருத்துவரைப் பாருங்கள். எக்ஸ்ரேயில் இதற்கான மாற்றம் விழுவதற்குச் சில வருடங்கள் கூட ஆகலாம்.

எம்.ஆர்.ஐயில் இதைப் பிடிக்க ஒரு தனி முறை உண்டு. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் கொழுப்பும் படத்தில் வெளிச்சமாக வருவதால் நீர் அதில் மறைந்துவிடும். கொழுப்பின் வெளிச்சத்தை அணைத்துவிட்டு எடுத்தால், அழற்சி இருக்கும் இடம் மட்டும் கறுப்புத் துணியில் பால் சிந்திய மாதிரி வெள்ளையாக நிற்கும். ‘ஸ்டிர்’ என்று அந்த முறைக்குப் பெயர். பெரும்பாலும் ஊசி மருந்து கூடத் தேவைப்படாது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சீட்டில் ‘இடுப்பு எம்.ஆர்.ஐ.’ என்று மட்டும் இருந்தால், எடுப்பவர்கள் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்குகளைத்தான் எடுப்பார்கள். எஸ்.ஐ. மூட்டு அதில் முழுதாக விழாது. ஆயிரக்கணக்கில் செலவழித்து, தேவையான இடத்தைப் படம் எடுக்காமலே திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். மேலும், டிஸ்க்கைப் பார்த்தால் பலருக்கும் அதில் ஏதாவது ஒன்று தெரியும். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வில், 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. 80 வயதில் 84 சதவீதம். ஆக, ரிப்போர்ட்டில் ‘டிஸ்க் பல்ஜ்’ என்று பார்த்ததும், வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எங்களிடம் எம்.ஆர்.ஐ. இல்லை. வெளியே எடுக்கப் போகிறவர்களும் சீட்டை எங்களிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் போகலாம். “ஏன் டாக்டருக்கே போன் போடுறீங்க?” என்று சிலர் வருத்தப்படுகிறீர்கள். எந்த மூட்டைப் பார்க்க எழுதினார் என்று கேட்கத்தான்.

அடுத்தது, கை மூட்டுகள். முடக்குவாதத்தைப் பழைய ஆட்கள் சரவாங்கி என்பார்கள். இதில் விரல் கணுக்களும் மணிக்கட்டும் வீங்கும், காலையில் டம்ளரைப் பிடிக்க முடியாது. இதற்கு நாங்கள் இப்போது அல்ட்ராசவுண்ட் பார்க்கிறோம். தோலின் மேல் வைத்துப் பார்க்கும் கருவியைப் புரோப் என்போம். வயிற்றுக்குப் பார்க்கும் புரோப் இல்லை இது. அதிக அதிர்வெண்ணில் இயங்கும் சின்னப் புரோப், ஆழம் போகாது, ஆனால் தோலுக்கு ஓரிரு சென்டிமீட்டர் கீழே இருப்பதை மிக நுணுக்கமாகக் காட்டும். கணுவின் மேல் ஜெல்லைத் தாராளமாக வைத்து, புரோப்பை அழுத்தாமல் மிதக்கவிட வேண்டும். அழுத்தினால் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்கி, இருக்கும் நோயே மறைந்துவிடும். சரியாகப் பிடித்தால் எலும்பு வெள்ளைக் கோடாகவும், தடித்த சவ்வு அதன் மேல் சாம்பல் திட்டாகவும் தெரியும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரைப் போட்டதும் அந்தத் திட்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் பொட்டுப் பொட்டாகத் துடிக்கும். அதுதான் உயிரோடு இருக்கும் அழற்சி. ஓர் அம்மா திரையைப் பார்த்துவிட்டு, “இதுதான் ராத்திரியெல்லாம் என்னைத் தூங்க விடாததா?” என்று கேட்டார். நான்கு மாதம் மருந்து எடுத்துவிட்டு வந்தபோது அதே கணுவில் ஒரே ஒரு பொட்டுதான் மிச்சம். மருந்து வேலை செய்கிறதா, மாற்ற வேண்டுமா என்று மருத்துவர் முடிவெடுக்க, ரத்தப் பரிசோதனையோடு இதுவும் ஒரு சாட்சி.

இதற்கு வரும்போது கை ஜில்லென்று இருக்கக் கூடாது, ரத்த ஓட்டத்தைக் குறைத்துக் காட்டும். அதனால்தான் வந்ததும் பத்து நிமிடம் ஏ.சி. இல்லாத இடத்தில் உட்காரச் சொல்கிறோம். வலி மாத்திரையோ ஸ்டீராய்டோ சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்கேனுக்காக நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தவும் வேண்டாம்.

அப்புறம், எங்கள் கவுண்டரில் தினமும் கேட்கும் வார்த்தை: “பெரிய ஸ்கேனே எடுத்துடுங்க சார், ஒரே செலவா போயிடும்.” சி.டி.யைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பிள்ளைக்கு வலது அடிவயிற்றில் வலி, காய்ச்சல் என்றால் பெற்றோரின் பதற்றம் புரிகிறது. ஆனால் குடல்வால் அழற்சி சந்தேகத்துக்குக் குழந்தைகளுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட்தான். புரோப்பை மெதுவாக அழுத்தும்போது நசுங்காமல், 6 மில்லிமீட்டருக்கு மேல் பருத்து நின்றால் பெரும்பாலும் அதுவே பதில். அதில் கதிர்வீச்சே இல்லை. வயிற்று சி.டி. ஸ்கேனில் கதிர்வீச்சு 8 முதல் 10 மில்லிசீவர்ட் வரை போகலாம். இயற்கையாக நம் மேல் விழுவது உலகச் சராசரியில் வருடத்துக்குச் சுமார் 2.4 முதல் 3 வரைதான். குடல்வால் கண்ணில் படவில்லை, சீழ் கட்டியிருக்கலாம் என்றால் சி.டி.யைத் தயங்காமல் எடுப்போம், அப்போது அது உயிர்காக்கும் படம். ஊசி மருந்து போட்டு எடுக்கும் சி.டி. என்றால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரிப்போர்ட், சர்க்கரைக்கு மெட்பார்மின் சாப்பிடுகிற விவரம் இரண்டும் முன்கூட்டியே வேண்டும்.

படத்தால் முடியாததும் உண்டு. சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் சுவர் தடித்திருப்பதை ஸ்கேன் காட்டும். அது குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோயா, குடல் காசநோயா? இரண்டும் அதே இடத்தில், கிட்டத்தட்ட அதே தோற்றத்தில் வரும். காசநோய் இன்னும் நம்மை விட்டுப் போகாத நாட்டில் இது சின்ன சந்தேகம் இல்லை. குரோன்ஸுக்குக் கொடுக்கும் மருந்துகள் பல, எதிர்ப்பு சக்தியை அடக்குபவை. காசநோய்க்காரருக்கு அதைக் கொடுத்தால் நோய் உடம்பில் பரவிவிடலாம். அதனால் நாங்கள் ‘இரண்டில் ஒன்றாக இருக்கலாம்’ என்று எழுதினால், மழுப்புகிறோம் என்று நினைக்க வேண்டாம். பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியில் சதை எடுத்துப் பார்க்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு வேண்டுகோள். பழைய படங்களைக் கொண்டு வாருங்கள். ரிப்போர்ட் மட்டும் போதாது, படம் வேண்டும். பிலிமைச் செல்போனில் போட்டோ எடுத்து வந்தால் நுணுக்கம் போய்விடும். பிலிமோ, படம் பதிந்த குறுந்தட்டோ, எதுவானாலும் பரவாயில்லை. பீரோவுக்கு மேல் வெயில் படும் இடத்தில் போட்டு வைத்தால் பிலிம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கவரோடு நிறுத்தி வையுங்கள்.

இந்த மாதத்திலிருந்து எங்கள் மூட்டு எக்ஸ்ரே ரிப்போர்ட் எதிலும் வெறும் ‘நார்மல்’ இருக்காது. இந்தப் படத்தில் எது தெரியும், எது தெரியாது என்றும் எழுதுவோம். எங்களிடம் இடுப்பு எக்ஸ்ரே எடுத்து ‘நார்மல்’ என்று வாங்கிப் போய், இன்னும் காலையில் இடுப்பு பிடித்துக்கொண்டு எழுகிறவர்கள் அந்தக் கவரை எடுத்துக்கொண்டு வாருங்கள். எத்தனை வருடப் பழையதாக இருந்தாலும் சரி. மறுபடி பார்த்து, மருத்துவரிடம் காட்ட ஒரு குறிப்பு எழுதித் தருகிறேன். இதற்குக் கட்டணம் இல்லை. மதியம் இரண்டு மணிக்கு மேல் வந்தால் கூட்டம் குறைவாக இருக்கும், உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
உங்கள் ஸ்கேன் மையத்தின் ரேடியாலஜிஸ்ட்