சிகெட்டியை என்னோடு சேர்ந்து கேட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஹங்கேரிய வயலின் கலைஞர் ஜோசப் சிகெட்டியைப் பற்றிய நம் ஞாயிற்றுக்கிழமை உரைத்தொடர் நிறைவடைந்துவிட்டது. பேசியவன் நான்தான். ஆனால் பேசுவதற்கு என் கையில் இருந்ததெல்லாம் உங்களில் பலர் கொடுத்தது. கடைசி நாளில் அவசரமாகக் கைகூப்பிவிட்டுக் கலைந்தது எனக்கு நிறைவாக இல்லை. ஆகவே இந்த மடல்.

இசைத்தட்டுகளைத் தந்த பெரியவருக்கு முதல் வணக்கம். ஐயா, 1940 ஏப்ரல் 13 அன்று வாஷிங்டனில், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் அரங்கில் சிகெட்டியும், ஹங்கேரிய இசையமைப்பாளரும் பியானோ கலைஞருமான பேலா பார்டோக்கும் சேர்ந்து நடத்திய கச்சேரியின் பதிவு உங்கள் அலமாரியில்தான் கிடைத்தது. பீத்தோவனின் க்ரொய்ட்சர் சொனாட்டா (சொனாட்டா என்பது பல பகுதிகள் கொண்ட வாத்திய இசைப் படைப்பு), டெபுஸியின் சொனாட்டா, அவற்றோடு பார்டோக்கின் சொந்தப் படைப்புகள். ஒரு முறை வயலினை மட்டும் கேளுங்கள், இன்னொரு முறை பியானோவை மட்டும் கேளுங்கள் என்று நீங்கள் சொன்னபடியே செய்தோம். வயலினுக்குப் பக்கத்துணையாக இருக்க மறுக்கும் பியானோ அது. அதோடு வாதாடியபடியே இணங்கிப் போகும் வயலின். அன்று அரங்கில் ஒருவரும் எழுந்து போகவில்லை.

புடாபெஸ்டில் வேலை பார்க்கும் தம்பிக்கு: உன் விடுமுறை நாளைச் செலவழித்து லிஸ்ட் இசைக் கல்லூரியின் இரண்டு கட்டடங்களுக்கும் போய்ப் படங்கள் எடுத்து அனுப்பினாய். எல்லோரும் வியக்கும் இன்றைய மாளிகை 1907இல் திறக்கப்பட்டது. அதற்குள் சிகெட்டி கச்சேரி மேடைக்கு வந்துவிட்டார். வயலின் ஆசிரியர் யெனோ ஹுபாயிடம் அவர் பாடம் கேட்டது ஆன்ட்ராஷி சாலையிலுள்ள பழைய கட்டடத்தின் காலத்தில். அந்தப் பழைய முகப்பைத் திரையில் காட்டிய பிறகுதான் அவருடைய பயிற்சிக் காலத்தைப் பற்றி என்னால் தெளிவாகப் பேச முடிந்தது.

1892இல் புடாபெஸ்டில் பிறந்து, சிறு வயதிலேயே தாயை இழந்து, இன்று ருமேனியாவில் இருக்கும் சிகெத் என்ற மலையடிவார ஊரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்த பையன் அவர். மாமன்மார் ஊர் வாத்தியக் குழுவில் வாசிப்பவர்கள். அந்த வீட்டிலிருந்து ஹுபாயின் வகுப்புக்கு வந்தது பெரிய தாவல். ஹுபாய் பெர்லினில் புகழ்பெற்ற வயலின் மேதை யோவாகிமிடம் கற்றவர், 1886இல் புடாபெஸ்டுக்குத் திரும்பியவர். எமில் தெல்மான்யி, ஸ்டெஃபி கேயர், யெல்லி ஆரான்யி, பத்து வயதிலேயே பெர்லினை மயக்கிய ஃபெரென்ஸ் வெச்செய் என்று அவரிடம் பயின்றவர்களின் வரிசை நீள்கிறது. பக்கத்து மாணவன் ஊர் ஊராகப் புகழ் பெறும்போது மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் சும்மா இருப்பார்களா? சிகெட்டியும் 1905இல் பெர்லினில் மேடையேறினார். இசையமைப்பாளர் பாக் தனி வயலினுக்கு எழுதிய ஷகோன், எர்ன்ஸ்டின் கடினமான கான்செர்ட்டோ (தனி வாத்தியம் இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்பு), பாகனினி என்று விரல் வித்தை நிறைந்த நிகழ்ச்சி. அடுத்த ஆண்டே ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஒரு சர்க்கஸ் அரங்கில் வேறு பெயரில் வாசித்துக்கொண்டிருந்தார். அந்த வகுப்பு தந்த விரல் பலம் உண்மையானது. அந்தப் பலத்தை எதற்குச் செலவிடுவது என்பதை அவர் வேறிடத்தில்தான் கற்றார் என்பது என் உறுதியான எண்ணம்.

இங்கிலாந்தில் அவர் கழித்த ஆண்டுகளைப் பற்றிய ஜெர்மன், ஆங்கிலக் குறிப்புகளைப் பொறுமையாக வாசித்துச் சொன்ன அம்மாவுக்கு நன்றி. பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான ஃபெருச்சோ புசோனியோடு பழகியதுதான் சிகெட்டியின் இரண்டாவது கல்வி. பல ஆண்டுகளாக வாசித்துக்கொண்டிருந்த அதே ஷகோனை முதலிலிருந்து புதிதாக யோசிக்க வைத்தவர் புசோனி. அந்தப் பகுதிக்கு நீங்கள் எழுதித் தந்த தமிழ் வரிகளை ஒரு சொல் மாற்றாமல் அப்படியே படித்தேன்.

டாவோஸ் பகுதிக்கு உதவிய மருத்துவருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். 1913இல் காசநோய் என்று தெரிந்து சிகெட்டி சுவிட்சர்லாந்தின் டாவோஸ் சானடோரியத்துக்குப் போனார். காசநோயைக் குணமாக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து வருவதற்கு முப்பது ஆண்டுகள் இருந்தன. ஓய்வும் மலைக்காற்றும்தான் மருந்து, நாளில் சுமார் அரை மணி நேரம்தான் வயலினைத் தொடலாம் என்ற நிலை இருபத்தொரு வயதுக் கலைஞனுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நீங்கள் விளக்கியபோது அரங்கமே கலங்கியது. அங்கேதான் நிமோனியாவிலிருந்து தேறிவந்த பார்டோக்கை அவர் சந்தித்தார். பிறகு 1917இல் ஜெனீவா இசைக் கல்லூரியில் ஆசிரியர், 1925இல் இசைக்குழு நடத்துநர் ஸ்டொகாவ்ஸ்கியின் அழைப்பில் அமெரிக்க மேடை.

வயலின் ஆசிரியை ஒருவர், சொந்த வாத்தியத்தையே கொண்டுவந்து, முழங்கையை உடலோடு ஒட்டி வைத்து வில் இழுக்கும், சிகெட்டி கையாண்ட பழைய முறையை எழுந்து நின்று வாசித்துக் காட்டினார். அந்தக் கையால் கிடைக்கும் ஒலி ஏன் வழவழப்பாக இல்லை, ஏன் ஒவ்வொரு சுரமும் பேசுவதுபோல் விழுகிறது என்பதைப் பத்து நிமிடத்தில் புரிய வைத்தீர்கள். சிகெட்டி வாசித்த பாக்கைக் கேட்டுத்தான் பெல்ஜிய வயலின் கலைஞர் யூஜீன் இசாயி 1923இல் தனி வயலினுக்கு ஆறு சொனாட்டாக்கள் எழுதினார். முதலாவதைச் சிகெட்டிக்கே காணிக்கையாக்கினார். அதன் தொடக்கத்தை நீங்கள் வாசித்ததற்குத் தனி நன்றி.

கேள்வி கேட்டவர்களையும் விட்டுவிட முடியாது. 1950களின் நடுவில் பதிவான சிகெட்டியின் பாக் தட்டில் சுருதி சில இடங்களில் தடுமாறுகிறதே, இதை எதற்குப் போற்ற வேண்டும் என்று ஓர் இளைஞர் எழுந்து கேட்டார். நல்ல கேள்வி. தடுமாறுவது உண்மை. அறுபதை எட்டிய கை அது. இருந்தும், மெருகேறிய பல பதிவுகளைக் கேட்ட பின்னும் ஃபியூகின் (ஒரே மெட்டைப் பல குரல்கள் அடுத்தடுத்து எடுத்துப் பின்னும் இசை வடிவம்) குரல்கள் ஒன்றுக்கொன்று எப்படிப் பதில் சொல்கின்றன என்று தெரிந்துகொள்ள நான் திரும்பிப் போவது இந்தத் தட்டுக்குத்தான்.

தொடரின் கடைசிப் பகுதியை, சிகெட்டி பிறருக்குச் செய்த உதவிகளுக்கே ஒதுக்கச் சொன்ன தோழிக்கு என் நன்றி. 1923இல் பாரிஸில் பெரிய வரவேற்பில்லாமல் அரங்கேறிய ப்ரொகோஃபியேவின் முதல் வயலின் கான்செர்ட்டோவை ஊர் ஊராகக் கொண்டுபோய் வாசித்தவர் அவர். ஜாஸ் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனையும் பார்டோக்கையும் இணைத்து, கிளாரினெட், வயலின், பியானோ மூன்றுக்குமான ‘கான்ட்ராஸ்ட்ஸ்’ பிறக்கக் காரணமானவர் அவர். 1943இல் பார்டோக் நியூயார்க்கில் நோயுற்று வருமானமின்றி இருந்தபோது, சிகெட்டியும் இசைக்குழு நடத்துநர் ஃப்ரிட்ஸ் ரைனரும், பாஸ்டன் இசைக்குழுவின் நடத்துநர் குசெவிட்ஸ்கியிடம் பேசினார்கள். தானமென்றால் பார்டோக் வாங்கமாட்டார். அதனால் ஒரு படைப்பை எழுதித் தரும் பணியாக அந்த உதவி மருத்துவமனைக்கு வந்தது. இசைக்குழுவுக்கான கான்செர்ட்டோ அப்படித்தான் எழுதப்பட்டது. சிகெட்டியின் எந்தக் கச்சேரியையும்விட இந்தச் செயலுக்காகவே அவர்மீது எனக்கு மதிப்பு அதிகம்.

இசைத்தட்டுகள் இந்த வாரமே ஐயாவின் வீட்டுக்கு வந்து சேரும். உரைகளின் எழுத்து வடிவம் வேண்டுபவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். ஹுபாயின் மாணவிகளைப் பற்றியும் பேச வேண்டும் என்று கல்லூரி மாணவிகள் இருவர் கேட்டிருக்கிறார்கள். பார்டோக் தன் இரண்டு வயலின் சொனாட்டாக்களையும் காணிக்கையாக்கியது யெல்லி ஆரான்யிக்கு. பார்டோக்கின் முதல் வயலின் கான்செர்ட்டோவின் கையெழுத்துப் பிரதியை 1956இல் இறக்கும்வரை தன்னிடமே வைத்திருந்தவர் ஸ்டெஃபி கேயர். அடுத்த தொடர் இவர்கள் இருவரைப் பற்றியதுதான். இவர்களின் பழைய பதிவுகள் யாரிடமாவது இருந்தால் தெரிவியுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் நண்பன்