ஆறு வயதுக்கு முன்னால்

மாரண்டஅள்ளி,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. மாப்பிள்ளை இரண்டு ஏக்கரில் தக்காளி போட்டிருந்தார். பாலக்கோடு மார்க்கெட்டில் விலை விழுந்து பறிகூலிக்கே கட்டவில்லை. அந்த அலைச்சலில் நாட்கள் ஓடிவிட்டன. கேழ்வரகு மட்டும் நன்றாக வந்திருக்கிறது. அடுத்த முறை யாராவது சென்னைக்கு வந்தால் ஒரு மூட்டை மாவு கொடுத்தனுப்புகிறேன்.

பேத்தியைப் பற்றிக் கேட்டிருந்தாய். வரும் ஆவணியில் அவளுக்கு மூன்று வயது முடிகிறது.

எட்டு மாதமாகியும் அவளுக்குத் தலை நிற்கவில்லை. "சில புள்ளைங்க லேட்டாத்தான் உக்காரும்" என்று எல்லோரும் சொன்னார்கள். சீர் தட்டியிருக்கும் என்று மந்திரித்துத் தாயத்தும் கட்டினோம். முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவன் நான். எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருப்பேன்? எனக்கே தோன்றவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சை அடைக்கிறது. கண்டுபிடித்தது அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழு. ஆர்பிஎஸ்கே என்று 2013-இல் தொடங்கிய, குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதில் அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறையும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு முறையும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். சத்துமாவு வாங்கப் போன என் மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்த டாக்டரம்மா குழந்தையைப் படுக்க வைத்து, இரண்டு கைகளையும் பிடித்து மெல்லத் தூக்கிப் பார்த்தாராம். உடம்பு எழுந்தது, தலை பின்னாலேயே தொங்கியது. கைவிரலை விரித்தால் கட்டை விரல் உள்ளங்கைக்குள் மடங்கியே இருந்தது. "இன்னைக்கே சீட்டு எழுதித் தர்றேன், நாளைக்குன்னு தள்ளாதீங்கம்மா" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் சாகும்வரை கடன்பட்டவன். மூளை பாதிப்பால் உடம்பின் அசைவு சரியாக வராத மூளை முடக்குவாதம் என்று பிறகு உறுதியானது.

அரசு மானியத்தில் நடக்கும் ஒரு மையத்தில் வாரம் இரண்டு நாள் பயிற்சி. பெயர் வேண்டாம், அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள். இயன்முறைப் பயிற்சி கொடுத்த அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பேத்தியைப் பெரிய பந்தின் மேல் குப்புறப் போட்டு உருட்டுவாள், எதிரே ஒரு கிலுகிலுப்பையை ஆட்டுவாள். அதைப் பார்க்க வேண்டுமென்றே குழந்தை கழுத்தைத் தூக்கும். முதல் மாதம் இரண்டு விநாடி. நாலாவது மாதம் பாட்டு ஒன்று முடியும்வரை. அப்புறம் ஸ்பூன். கையில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. பழைய சைக்கிள் டியூபைக் கீறி ஸ்பூன் பிடியில் கெட்டியாகச் சுற்றித் தந்தாள். போன தீபாவளிக்கு முந்தின வாரம், களியைக் கரைத்து வைத்திருந்த கிண்ணத்திலிருந்து அவளே ஒரு வாய் எடுத்து உண்டாள். பாதி தாடையில், பாதி சட்டையில். என் மகள் அடுப்படிக்குள் போய் அழுதாள்.

தை மாதம் அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டாள். தொகுப்பூதியம், அதுவும் மானியம் வரும்போதுதான் வரும். நாலு மாதச் சம்பளம் பாக்கி என்று கேள்விப்பட்டேன். ஓசூரில் தனியார் மருத்துவமனையில் கூடுதலாகக் கொடுக்கிறார்களாம், அவளைக் குறை சொல்ல முடியுமா? அதற்குப் பிறகு ஐந்து மாதம் ஆள் இல்லை. பந்து இருக்கிறது, கம்பிப் பிடி இருக்கிறது, சுவரில் யானை, மயில் படமெல்லாம் இருக்கிறது. பேத்தியின் கெண்டைக்கால் தசை மறுபடி இறுகிக் குதிகால் தரையில் படாமல் போய்விட்டது.

நீ தணிக்கைத் துறையில் இருந்தவன், இந்தக் கணக்கு உனக்குச் சட்டென்று புரியும். கட்டடத்துக்கும் கருவிக்கும் பணம் ஒரே தவணையில் வருகிறது, திறப்பு விழாவும் நடக்கிறது. ஆளுக்குரிய சம்பளம் வருஷா வருஷம் ஒப்புதல் வாங்கி வர வேண்டியிருக்கிறது. ஆர்பிஎஸ்கே வருவது தேசிய நலவாழ்வு இயக்கத்தின் கீழ், மத்திய அரசு 60, மாநிலம் 40. பள்ளிப் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர்களுக்கு சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டம். அதிலும் அதே பங்குதான். 2024-25-இல் பி.எம்.ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத் தகராறில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சமக்ர சிக்ஷா பணம் 2,152 கோடி ரூபாய் நின்றுபோனபோது, சமக்ர சிக்ஷாவில் வேலை பார்ப்பவர்களின் சம்பளமே திண்டாட்டமானது. டெல்லியில் யார் யாரோடு முறைத்துக்கொண்டாலும் இங்கே ஒரு குழந்தையின் கால் இறுகுகிறது. மாநில அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறார்கள். உலக வங்கி உதவியோடு 1,700 கோடிக்கு மேல் 'உரிமைகள்' திட்டம் போட்டு, 'விழுதுகள்' என்று ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறக்கிறார்கள். மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அங்கேயும் ஆள் நிலைத்து இருக்க வேண்டுமே என்றுதான் என் மனசு அடித்துக்கொள்கிறது.

2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன். இலவசக் கல்வி உரிமை 6 வயதிலிருந்து 18 வரை. மறுவாழ்வுப் பணிகளுக்கான 27-ஆம் பிரிவில், அரசு தன் பொருளாதார சக்திக்கு உட்பட்டுச் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. அந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். என் பேத்திக்கு ஆறு வயது ஆகும்போது மூளை வளர்ச்சியில் பெரும்பகுதி முடிந்திருக்கும். இது அரசுக்குத் தெரியாததா? காது கேளாத குழந்தைக்கு உள்காதில் பொருத்தும் காக்ளியர் கருவி வைக்க முதலமைச்சர் காப்பீட்டில் லட்சக்கணக்கில் செலவு செய்கிறார்கள், அதையும் ஆறு வயதுக்குள் செய்ய வேண்டும் என்கிறார்கள். காதுக்குத் தெரிந்த கணக்கு காலுக்கும் கைக்கும் தெரிய வேண்டாமா?

நம் தருமபுரி மாவட்டத்துக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. உன் பல்லிலும் என் பல்லிலும் அந்தப் பழுப்புக் கறை இன்னும் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரின் புளோரைடு. எலும்பில் ஏறிவிட்டால் எந்த மருந்தாலும் இறக்க முடியாது, நல்ல தண்ணீரைச் சின்ன வயதிலேயே கொடுப்பதுதான் ஒரே வழி. அதற்காகத்தான் ஜப்பான் கடன் வாங்கி, சுமார் 1,900 கோடியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் கொண்டுவந்தார்கள். 2008-இல் அடிக்கல், 2013-இல் தண்ணீர். முதுகு வளைந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லவில்லையே.

உனக்கு நினைவிருக்கிறதா, மாரியம்மன் கோயில் தெருத் திண்ணையில் ஒரு பையன் உட்கார்ந்திருப்பானே? நாம் பள்ளிக்கூடம் போகும்போது நம் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். அவனை இடுப்பளவு குழி தோண்டி, மணல் போட்டு நிற்க வைத்திருப்பார்கள். அவன் அம்மா பக்கத்திலேயே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். ஒரு மாதிரிப் பயிற்சிதான் அதுவும், அவர்களுக்குத் தெரிந்த அளவில். பேத்தியைப் பந்தின் மேல் பார்த்த அன்றைக்கு அவன் நினைவுதான் வந்தது. அவன் இருபது வயதைக்கூடத் தாண்டவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் பதினோரு குடும்பம் சேர்ந்து திங்கட்கிழமைகளில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகிறோம். காலியிடத்துக்கு ஆள் போட வேண்டும். பாலக்கோட்டிலேயே வாரம் இரண்டு நாள் பயிற்சி நடக்க வேண்டும். இப்போது என் மகள் டவுன் பஸ்ஸில் இலவசமாகப் பாலக்கோடு வரை போகிறாள், அங்கிருந்து வெளியூர் பஸ்ஸுக்குக் காசு, அதோடு அந்த நாள் கூலியும் போச்சு. கூட வருகிறவர்களில் இரண்டு பேர் பென்னாகரம் பக்கத்து மலைக்கிராமம். மூன்று மணிக்கு எழுந்து கிளம்புகிறார்கள்.

மனுவோடு தகவல் உரிமைச் சட்டத்திலும் கேள்வி கேட்கலாம் என்று இருக்கிறோம். எத்தனை பணியிடம் ஒப்புதல், எத்தனை நிரம்பியிருக்கிறது, மானியம் எந்தத் தேதியில் வந்தது, எவ்வளவு செலவாகாமல் திரும்பியது. எந்தக் கணக்குத் தலைப்பில், யாரிடம் கேட்டால் தட்டிக்கழிக்காமல் பதில் வரும் என்று உனக்குத்தான் தெரியும். நகல் இத்துடன் வைத்திருக்கிறேன். தப்பிருந்தால் சிவப்பு மையில் அடித்துத் திருத்து, என் மனசு நோகாது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். முட்டிவலிக்கு மருந்தை நிறுத்திவிடாதே. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து இந்தப் பேனாவைப் பிடுங்கப் பார்க்கிறாள். கீழே இருக்கும் கோடு அவள் போட்டது.

அன்புடன்,
உன் நண்பன்