நெல்லியைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் முன்னாள் குழந்தை நட்சத்திரங்களைப் பற்றி நீங்கள் போட்ட கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் சரிதானே என்று பட்டது, இரண்டாம் தரம் கோபம் வந்தது. போதைக்குப் போனவர்கள், பெற்றோர் காசைச் சுருட்டியதால் தெருவுக்கு வந்தவர்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்த கட்டுரையாளர், கடைசியில் அமெரிக்க நடிகை அலிசன் ஆர்ங்கிரிமையும் அதே கூடைக்குள் போட்டு, சின்ன வயதில் போட்ட ஒரு வேடத்தை வைத்து இன்றைக்கும் குட்டி மேடைகளில் சிரிப்புக் காட்டிப் பிழைக்கிறார் என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். அப்படி ஒரு குட்டி மேடைக்கு முன்னால் இருந்து வயிறு நோகச் சிரித்தவள் நான்.

நான் பிரான்சுக்கு வந்த புதிதில், தொண்ணூறுகளில், கணவர் உணவகத்து வேலைக்குப் போய்விடுவார், பிள்ளை தொட்டிலில், எனக்கோ பாஷை தெரியாது. மத்தியானத்தில் எம்6 தொலைக்காட்சியில் 'லிற்றில் ஹவுஸ் ஒன் த பிரேரி' தொடரைப் பிரெஞ்சில் திரும்பத் திரும்பப் போடுவார்கள். 1974இல் அமெரிக்காவில் தொடங்கிய தொடர், மினசோட்டாவில் வால்நட் குரோவ் என்ற ஊரில் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை. ஆறுதலாகப் பேசுவார்கள், அழும்போதுகூட வசனத்தை முழுசாகச் சொல்லித்தான் அழுவார்கள், அதனால் எனக்கு அதுதான் வகுப்பு. அந்தக் குடும்பத்து நல்ல பிள்ளை லோராவிடம் 'நன்றி', 'மன்னியுங்கள்' எல்லாம் படித்தேன். கடைக்காரரின் மகள் நெல்லி ஒல்சன், சுருள் சுருளான பொன்முடியோடு மூக்கை உயர்த்திக்கொண்டு வருவாளே, அவளிடம் ஒருவரை எப்படி மட்டம் தட்டுவது என்று படித்தேன். பிறகு அலுவலகங்களில் வரிசையில் நின்ற காலத்தில் இரண்டாவது படிப்புத்தான் கூடுதலாகக் கைகொடுத்தது.

அந்த நெல்லியாக நடித்தவர்தான் ஆர்ங்கிரிம். அவருடைய தனிநபர் நகைச்சுவை நிகழ்ச்சியின் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'புல்வெளிப் பொல்லாதவளின் வாக்குமூலங்கள்' என்று வரும், மூலத்தில் இருப்பது 'பொல்லாதவள்' அல்ல, அதைவிட மோசமான சொல், உங்கள் பத்திரிகையில் அச்சிட மாட்டீர்கள். 2000களின் தொடக்கத்தில் நியூயோர்க்கில் ஒரு சின்னக் கிளப்பில் ஆரம்பித்தது. அப்புறம் பிரெஞ்சு மொழியிலேயே பிரான்சுக்கும் கொண்டுவந்தார், ஏனென்றால் இங்கே அந்தத் தொடரைப் பார்க்காத வீடே கிடையாது. என் மகள் பிறந்தநாளுக்கு டிக்கெட் எடுத்துத் தந்தாள். மேடைக்கு வந்து வாயைத் திறந்தார், எனக்கு ஒரு கணம் ஏமாற்றம்! அது நெல்லியின் குரல் இல்லை. எனக்குப் பிரெஞ்சு சொல்லித்தந்த குரல் பின்னணி பேசிய யாரோ ஒருவருடையது, இவர் பேசியது என்னுடையதைப் போலவே வெளிநாட்டு வாடை அடிக்கும் பிரெஞ்சு. ஐந்து நிமிடத்தில் அந்த வாடைக்காகவே அவரைப் பிடித்துப்போனது.

மேடையில் தன் கதையைத்தான் சொன்னார். முதலில் லோரா வேடத்துக்குப் போய்க் கிடைக்கவில்லை, பிறகு லோராவின் அக்கா மேரி வேடத்துக்கும் போய்க் கிடைக்கவில்லை. மூன்றாவதாக நெல்லியின் வசனத்தைக் கொடுத்தபோது, இந்தப் பெண் சரியான பொல்லாதவள் அப்பா என்று தகப்பனிடம் சொல்லிவிட்டு, அதே தோரணையில் நெல்லி தன் வீட்டுப் பெருமையை அளக்கும் கட்டுரையை வாசித்துக் காட்ட, தயாரிப்பாளரும் நடிகருமான மைக்கேல் லான்டன் சிரித்து விழுந்தாராம். அந்தச் சுருள் முடி பொய்முடி, சீப்பும் கொண்டை ஊசியும் தலையில் குத்தக் குத்தத்தான் அத்தனை திமிரையும் காட்டியிருக்கிறார். படப்பிடிப்பு முடிந்தால் எதிரி லோராவாக நடித்த மெலிசா கில்பேர்ட்தான் உயிர்த் தோழி, ஊரோ அதை நம்பவில்லை. ஒரு ஊர்வலத்தில் யாரோ அவர்மேல் குளிர்பானக் கோப்பையை எறிந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை, பாருங்கள். சக்கர நாற்காலியோடு லோரா நெல்லியை மலைச்சரிவில் தள்ளிவிடும் காட்சிக்குக் கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி என்பதால் அந்தக் கதைக்கு நான் கொஞ்சம் மெதுவாகத்தான் சிரித்தேன்.

கட்டுரையாளர் தொடாமல் விட்டது இன்னும் இருக்கிறது. சின்ன வயதில் தன் வீட்டுக்குள்ளேயே நடந்த பாலியல் கொடுமையை ஆர்ங்கிரிம் தொலைக்காட்சியில் பகிரங்கமாகச் சொன்னார், புத்தகமாகவும் 2010இல் எழுதினார். கலிபோர்னியாவில் அப்போதைய சட்டப்படி, ஒரு பிள்ளைக்கு அப்படிச் செய்தவர் வெளியாள் என்றால் சிறை, சொந்தக்காரர் என்றால் சிறைக்குப் போகாமல் நன்னடத்தைக் கண்காணிப்போடும் ஆலோசனை வகுப்போடும் தப்ப வழி இருந்தது. அந்த ஓட்டையை அடைக்கப் பாடுபட்டவர்களில் இவரும் ஒருவர், 2005இல் சட்டம் மாறியது. தொடரில் நெல்லியின் கணவனாக நடித்த ஸ்டீவ் டிரேசி 1986இல் எயிட்ஸ் நோயால் இறந்தார். அந்த நோயாளியைத் தொடவே ஆட்கள் பயந்த காலம் அது, இவரோ லொஸ் ஏஞ்சலிஸில் எயிட்ஸ் தொண்டு நிறுவனத்தில் போய் தொலைபேசிக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தார்.

அந்த மேடை நிகழ்ச்சியை எழுதியது அவர், நடிப்பது அவர், எதற்குச் சிரிக்க வேண்டும் எதற்குச் சிரிக்கக் கூடாது என்று மூச்சு விடும் இடம் வரை தீர்மானிப்பதும் அவர். பன்னிரண்டு வயதில் வேறு யாரோ எழுதிய வசனத்துக்காக அடி வாங்கியவருக்கு இது இறக்கமா ஏற்றமா என்று கட்டுரையாளர் சொல்லட்டும். இருநூறு பேர் மட்டும் இருக்கும் மண்டபத்தைக் கண்டதும் 'ஐயோ பாவம்' என்று எழுதிவிடுவது நம்மவர்களிடம் உள்ள கெட்ட பழக்கம். ஊரில் கூத்துப் பார்த்து வளர்ந்த நாங்கள் ஆட்களை எண்ணியா கூத்தை மதித்தோம்?

கூட்டம் முடிந்து கையெழுத்துக்கு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்ற பிரெஞ்சு அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும், கையெழுத்து வேண்டாம், என்னை ஒரு தரம் நெல்லி மாதிரி முறைத்துப் பாருங்கள் என்று கேட்டார். ஆர்ங்கிரிம் தலையை நிமிர்த்தி, மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தார். அந்த அம்மா சின்னப் பிள்ளை மாதிரிக் கை தட்டினார்.

அடுத்த இதழில் இடம் இருந்தால் படத்துக்குக் கீழே 'வாழ்ந்து கெட்ட நட்சத்திரம்' என்று போட்டதை எடுத்துவிட்டு 'நகைச்சுவைக் கலைஞர்' என்று திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாரிஸ் புறநகர்