வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: பைக் சீட்டில் இருப்பது ஸ்டிக்கர் இல்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள்: பைக் சீட்டில் நாங்கள் எழுதித் தருகிற பேர் பெயிண்டா, ஸ்டிக்கரா? சிலர் நேராகவே கேட்டீர்கள். சிலர் சீட்டைத் தடவிப் பார்த்து, எழுத்தின் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் கிளம்பினீர்கள். புல்லட் ஓட்டுகிறவர்கள் குரூப்பில் நம்ம கடையைப் பற்றிச் சுற்றுகிற அந்த வாய்ஸ் மெசேஜை நானும் கேட்டுவிட்டேன். அனுப்பி வைத்தவர்களில் என் மைத்துனரும் ஒருவர், பக்கத்தில் ஒரு சிரிப்பு பொம்மையோடு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

"பெயிண்ட்னு சொல்லிட்டு ஸ்டிக்கர் ஒட்டித் தர்றாங்க" என்கிறார் அந்த மெசேஜில் பேசுகிறவர். ரேட் ஜாஸ்தி என்று சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். சொன்ன தேதிக்குத் தருவதில்லை என்றிருந்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பேன், மழைக் காலத்தில் அது நடப்பதுதான். ஸ்டிக்கர் என்றதுதான் சாப்பாட்டு நேரத்தில்கூட மனசை விட்டுப் போகவில்லை.

வண்ணாரப்பேட்டையில் இந்தக் கடை உங்களுக்குப் புதிது இல்லை. ராஜ்தூத் பைக் சீட்டுக்கு ஃபோம் மாற்ற அப்பாவோடு வந்த பிள்ளைகள் இன்று அதே ராஜ்தூத்தைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வருகிறீர்கள். 1955-ல் ஆரம்பித்த என்ஃபீல்டு இந்தியா கம்பெனியின் பழைய ஃபேக்டரி பக்கத்துத் திருவொற்றியூரில்தான். பெட்ரோல் டாங்கில் தங்கநிறக் கோடுகளை ஒரே இழுப்பில் கையால் போட்ட ஊர் இது. இந்தப் பக்கத்து ஆளிடம் ஒட்டின எழுத்தைக் கொடுத்து, எழுதின எழுத்து என்று ஏமாற்ற முடியுமா? அப்படி ஏமாற்றுகிறவன் திருவொற்றியூர் ஹை ரோட்டில் கடை நடத்த முடியுமா?

சரி, வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். தெரிந்தவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள்.

அறுபதுகளில் வந்த டிரையம்ப், பி.எஸ்.ஏ. மாதிரி பிரிட்டிஷ் வண்டிகளில் சீட்டின் வால்பக்கம் கம்பெனி பேர் இருக்கும். நம்ம ஊர் ஆர்.எக்ஸ். 100-லும் கறுப்பு சீட்டுக்குப் பின்னால் வெள்ளையில் யமஹா என்று இருக்கும். அந்த வண்டியும் பழைய எஸ்டி பைக்கும் 1996-ஓடு நின்றுபோனவை. அதற்குப் பிறகு அசல் சீட் கவர் எங்கே கிடைக்கும்? புது ரெக்சினில் தைத்து, பேரை நாம்தான் எழுத வேண்டும். பேர் இல்லாத சீட்டைப் பார்த்தால் பழைய வண்டியை அசல் மாதிரியே ரெஸ்டோரேஷன் பண்ணுகிறவருக்குத் தூக்கம் வராது. எனக்கும்தான்.

முதலில் ரெக்சினை ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) தொட்ட துணியால் இரண்டு மூன்று முறை துடைப்போம். பிறகு எழுத்து வடிவில் துளை வெட்டின ஷீட்டை, அதாவது ஸ்டென்சிலை, வைத்து, நாலு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, பி.வி.சி. பிளாஸ்டிக்குக்கான இங்கை (பெயிண்ட் என்று நாம் சொல்வது இதைத்தான்) முடி வெட்டின கட்டைப் பிரஷில் தொட்டு, அதைக் காகிதத்தில் தட்டித் தட்டிக் காய வைத்து, பிரஷ் ஏறக்குறைய வெறுமையான பிறகுதான் ரெக்சின் மேல் நேராகக் குத்துவோம். இழுக்கக் கூடாது. இழுத்தால் ரெக்சினின் சொரசொரப்பு வழியாக இங்க் ஸ்டென்சிலுக்கு அடியில் ஓடிவிடும், எழுத்துக்கு மீசை முளைத்துவிடும். மெல்லிசாக ஒரு கோட், காய்ந்ததும் இன்னொன்று, தங்கநிறமாக இருந்தால் மூன்றாவதும் உண்டு. அவசரத்துக்கு ஒரே தடவையில் கனமாக அப்பினால் பார்க்கப் பளிச்சென்றுதான் இருக்கும். ஆள் ஏறி உட்கார்ந்து ஃபோம் அமுங்கும்போது வெடித்துவிடும்.

ஏன் சாதாரண எனாமல் பெயிண்ட் கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. ரெக்சின் என்பது துணி மேல் பூசின பி.வி.சி. அது விறைப்பாக இல்லாமல் வளைவதற்காக உள்ளே ஒரு எண்ணெய்ப் பதார்த்தம் கலந்திருப்பார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே கசியும். எனாமல் அதன் மேல் சும்மா உட்கார்ந்திருப்பதால் மாதக்கணக்கில் பிசுபிசுவென்றே கிடந்து தூசியை வாங்கிக்கொள்ளும், அப்புறம் உரியும். பி.வி.சி. இங்கில் இருக்கும் தின்னர் ரெக்சினின் மேல்தோலை லேசாகக் கரைத்துப் பிடித்துக்கொள்ளும். ஒட்டுவது வேறு, பிடிப்பது வேறு.

இப்போது "பாலம்" என்கிற விஷயம். ஸ்டென்சிலில் 'ஓ' வெட்டினால் நடுவில் இருக்கும் வட்டம் கழன்று கீழே விழும். விழாமல் இருக்க இரண்டு பக்கமும் மெல்லிய பட்டை விட வேண்டும். அதைத்தான் பாலம் என்கிறோம். என்ஃபீல்டு என்று ஆங்கிலத்தில் எழுதினால் கடைசி 'டி' ஒன்றுக்குத்தான் பாலம். ஜாவாவில் இரண்டு 'ஏ', யமஹாவில் மூன்று. தமிழில் பேர் கேட்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 'ட', 'ப' வந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம், சுழி வந்தால்தான் சிரமம். மகள் பேரில் 'ண' இருக்கிறது என்று மீன்பிடித் துறைமுகம் இருக்கிற காசிமேட்டிலிருந்து ஒரு அண்ணன் வந்தார். அந்த ஒரு எழுத்துக்கே ஒரு பொழுது போனது. அங்கே படகில் பேர் எழுதுகிறவர்கள் பிரஷைச் சுழற்றி நேராக எழுதிவிடுவார்கள், அவர்களுக்குப் பாலம் கீலம் கிடையாது. எங்கள் வேலைக்கு ஸ்டென்சில் இல்லாமல் ஆகாது. ஏனென்றால் கம்பெனி எழுத்து, கம்பெனி எழுத்து மாதிரியே இருந்தாக வேண்டும்.

பாலம் விட்ட இடத்தில் இங்க் விழாது. எழுத்தில் சின்ன இடைவெளி தெரியும். அது அப்படியே இருக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன், கையால் அடித்ததற்கு அதுவே சாட்சி. ஆனால் உங்களில் பாதிப் பேர் அதை அடைத்துக் கேட்கிறீர்கள். அடைத்துத் தருகிறோம், மூணாம் நம்பர் பிரஷில், மூச்சைப் பிடித்துக்கொண்டு. அடைத்தது தெரியாத அளவுக்குச் சுத்தமாக வந்தால் உடனே "இது ஸ்டிக்கர் மாதிரி இருக்கே". சுத்தமாகச் செய்ததற்குக் கிடைத்த பட்டம் அது!

மெசேஜில் பேசியவரின் பேரையோ வண்டியையோ சொல்ல மாட்டேன். எங்கள் கடை ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தவர், நாளைக்கு வந்தாலும் டீ உண்டு. அவர் புது ரெக்சின் வேண்டாம் என்றார். அசல் கவர், கம்பெனியில் இருந்தே வந்தது, அதிலேயே எழுத வேண்டும் என்றார். ஆசை நியாயம்தான். ஆனால் அந்த சீட்டைத் தொட்டபோதே விரல் வழுக்கியது. டாஷ்போர்டுக்குப் போடுகிற பாலிஷை வருஷக்கணக்கில் தேய்த்திருக்கிறார். அதில் இருக்கும் சிலிக்கான் ரெக்சினின் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கியிருக்கும், துடைத்தால் முழுசாகப் போகாது. அதன் மேல் எந்த இங்கும் பிடிக்காது, தாமரை இலையில் தண்ணீர் விட்ட கதைதான். இதை அவரிடம் சொன்னோம். "பரவாயில்லை, அடிங்க, நான் பார்த்துக்கிறேன்" என்றார். அடித்தோம். சில மாதத்தில் ஓரம் தூக்கியிருக்கிறது, அவர் பிடித்து இழுத்திருக்கிறார், 'எஃப்' எழுத்து முழுசாகக் கையோடு வந்திருக்கிறது. முழுசாக வந்ததால் ஸ்டிக்கர் என்று முடிவு கட்டிவிட்டார். கீழே பிடிப்பு இல்லாத பெயிண்ட் அப்படித்தான் தோலாக உரியும். சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு மேல் பெயிண்ட் அடித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சந்தேகம் இருப்பவர்கள் உங்கள் சீட்டையே எடுத்துப் பாருங்கள். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் எழுத்துக்குள்ளேயும் ரெக்சினின் சொரசொரப்பு தெரிய வேண்டும். தையல் ஓடுகிற இடத்தில் இங்க் நூலுக்குள் இறங்கியிருக்கும். ஸ்டிக்கராக இருந்தால் தையல் மேல் பாய் விரித்த மாதிரி கிடந்து, அடியில் காற்று நிற்கும். ஓரத்தை ஒரு பூதக்கண்ணாடியில் பார்த்தால் குத்தின பிரஷின் பொடிப்புள்ளிகள் தெரியும். பிளேடு வெட்டின ஓரத்தில் புள்ளி வராது. இதற்கு மேலும் நம்பாதவர்கள் சனிக்கிழமை மாலை வந்து எதிரிலேயே நின்று பாருங்கள், பிரஷைக்கூடக் கையில் தருகிறேன்.

இதுவரை ஸ்டென்சில் வெட்டித் தந்த பெரியவரைப் பலர் விசாரிக்கிறீர்கள். பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் ரயில் பெட்டிகளுக்கு நம்பரும் ஓவராலிங் தேதியும் ஸ்டென்சில் அடித்து ரிட்டயர் ஆனவர். பழைய எக்ஸ்ரே ஷீட்டை வெந்நீரில் ஊறவைத்து, கறுப்பைச் சுரண்டிவிட்டு, அதில் பிளேடால் எழுத்து வெட்டுவார். அந்த ஷீட் வளைந்த சீட்டில் பணிந்து படியும், எத்தனை முறை தின்னரில் கழுவினாலும் ஓரம் நைந்து போகாது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு மகன் வீட்டோடு போய்விட்டார். நலமாக இருக்கிறார், போனில் இன்னும் திட்டுகிறார். அதனால் ஷீட்டை வெட்டுவது மட்டும் இப்போது எதிர்ச்சாரி கடையின் கட்டிங் மெஷினில் நடக்கிறது. இங்க் குத்துவது முன்பு போலவே கையால்தான், எங்கள் கடையில் எப்போதும் குத்துகிற அதே தம்பிதான்.

ரெக்சின் விலை, இங்க் விலை, தின்னர் விலை எல்லாம் ஏறிய கதையைச் சொல்லி உங்களைக் களைப்பாக்க விரும்பவில்லை. எழுத்து வேலைக்கு 350 ரூபாய் வாங்கினோம், வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து 500. பழைய கவரில் எழுதுவதற்கு இனி உத்தரவாதம் கிடையாது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எழுத்து வேலையை நிறுத்தி வைப்போம் என்பது பழைய வாடிக்கையாளர்களுக்குத் தெரியும். காற்றில் ஈரம் ஏறினால் தின்னர் ஆவியாகும்போது இங்க் மேல் வெள்ளையாகப் பனி படிந்துவிடும், கறுப்பு சீட்டில் அது அசிங்கமாகத் தெரியும். கடல் காற்று வீசுகிற நம்ம பக்கத்தில் வெயில் நாளிலேயே சாயங்காலத்துக்கு மேல் அடிப்பதில்லை. ஆகவே தீபாவளிக்கு முன்னால் வேண்டும் என்பவர்கள் இப்போதே சீட்டைக் கொண்டுவந்து போட்டுவிடுங்கள். எழுதி முடித்த சீட்டை வாங்கிப் போனதும் ஒரு வாரத்துக்கு ஈரத் துணி படக்கூடாது. பெட்ரோல் போடும்போது ஒரு சொட்டு சிந்தினாலும் உடனே துடைத்துவிடுங்கள். பாலிஷ் டப்பாவை வீட்டில் யாருக்காவது தானமாகக் கொடுத்துவிடுங்கள்.

இந்தக் கலாட்டாவுக்கு நடுவிலும் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அந்த மெசேஜுக்குக் கீழேயே "நாலு வருஷமா ஓட்டறேன், ஒரு எழுத்துகூடப் போகலை" என்று படத்தோடு போட்ட தொண்டையார்பேட்டைத் தம்பிக்கும், எர்ணாவூரிலிருந்து சீட்டைக் கழற்றி ஆட்டோவில் எடுத்துவந்து "இதைக் காட்டுங்க எல்லாருக்கும்" என்று கடை வாசலில் வைத்துவிட்டுப் போன அண்ணனுக்கும் என்ன சொல்வது! நான் கேட்காமலேயே எனக்காகப் பேசினீர்கள். வீட்டில் சொன்னேன், அம்மா உங்கள் இருவருக்கும் சுற்றிப் போடச் சொன்னார்கள். மற்றவர்களும் ஒன்றும் பேசாமல் வழக்கம்போல் வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், அதுவும் பெரிய விஷயம்தான். நன்றி.

எர்ணாவூர் அண்ணனுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: சீட்டை எல்லாரும் பார்த்தாயிற்று, வண்டி சீட் இல்லாமல் நிற்கிறதே, வந்து எடுத்துப் போங்கள். மேல் பரணில் வேலை முடிந்து கிடக்கும் மற்ற சீட்டுகளுக்கும் சொந்தக்காரர்கள் மழைக்கு முன்னால் வந்துவிட்டால் எங்களுக்கு இடம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை கடை உண்டு, செவ்வாய் விடுமுறை.

இப்படிக்கு,
சீட் கவர் கடைக்காரர்,
பழைய வண்ணாரப்பேட்டை