டெக்சஸில் துப்பாக்கி வைத்திருக்கும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்களே, அக்காக்களே, தம்பி தங்கைகளே,

வணக்கம். கிரீன் கார்டு கைக்கு வந்த சில மாதங்களில் கடைக்குப் போய், துப்பாக்கி வாங்குவதற்கான 4473 படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து ஒரு கிளாக் 19 கைத்துப்பாக்கியுடன் வீடு திரும்பியவர்கள் நம்மில் பலர். சனிக்கிழமை காலை துப்பாக்கி சுடும் ரேஞ்சில் காதுமூடியைக் கழற்றினால் பக்கத்துத் தடத்தில் தமிழ் கேட்கிறது. எந்தக் கடையில் 9 மி.மீ. தோட்டா மலிவு, எந்த உறை இடுப்பில் குத்தாது, ஏஆர்-15 நீளத் துப்பாக்கிக்குக் குறிபார்க்க எந்த ஆப்டிக் நல்லது என்று பேச்சு ஓடுகிறது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். மூச்சை அடக்கி, குறி பார்த்து, தோட்டா நினைத்த இடத்தில் விழும்போது வரும் நிறைவு எனக்கும் பிடிக்கும். துப்பாக்கியே வேண்டாம் என்று சொல்வதற்காக இதை நான் எழுதவில்லை.

நான் கேட்பது இதுதான்: சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் எல்.டி.சி. எனப்படும், கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வதற்கான உரிமத்தை எடுங்கள். வீட்டிலும் காரிலும் துப்பாக்கியைப் பூட்டி வையுங்கள்.

2021 செப்டம்பர் 1 முதல், எச்.பி. 1927 என்ற டெக்சஸ் சட்டத்தின்படி, 21 வயது நிரம்பி வேறு தடை ஏதும் இல்லாதவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை உறையில் வைத்துப் பொது இடத்தில் எடுத்துச் செல்லலாம். அதற்கு முன் எல்.டி.சி. கட்டாயம். அதை வாங்க 4 முதல் 6 மணி நேர வகுப்பு, எழுத்துத் தேர்வு, பிறகு ரேஞ்சில் 50 தோட்டா. 3 கெஜத்தில் 20, 7 கெஜத்தில் 20, 15 கெஜத்தில் 10. மொத்தம் 250 புள்ளிக்கு 175 எடுத்தால் தேர்ச்சி. சுடும் பகுதி கடினமே இல்லை, கொஞ்சம் பழகியவர் யாரும் தேறிவிடுவார். வகுப்பறைப் பகுதிதான் முக்கியம். எந்தச் சூழலில் உயிர்பறிக்கும் பலத்தைப் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது, வாய்த்தகராறை எப்படித் தணித்து விலகுவது, குழந்தை கைக்கு எட்டாமல் எப்படி வைப்பது, எல்லாம் அங்கேதான் சொல்லித் தருகிறார்கள். கட்டாயம் போனதும் நம்மவர் பலர் அந்த வகுப்பையும் விட்டுவிட்டார்கள். கடைக்காரர் பத்து நிமிடம் காட்டியதும் யூடியூபில் பார்த்ததும் போதும் என்று இருக்கிறார்கள். போதாது.

"உரிமமே தேவையில்லை என்ற பிறகு அந்த அட்டை எதற்கு?" என்று கேட்கிறார்கள். நம் புறநகர் வாழ்க்கையைப் பாருங்கள். கேட்டி, ஷுகர் லேண்ட், ஃபிரிஸ்கோ பக்கம் குடியிருப்புக்கு உள்ளேயே தொடக்கப் பள்ளி இருக்கிறது. பள்ளி எல்லையிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். உங்கள் வீடு போன்ற தனியார் இடத்துக்கு விலக்கு உண்டு. தோட்டா இல்லாமல் பூட்டிய பெட்டிக்குள் இருந்தால் விலக்கு உண்டு. அந்த மாநிலம் வழங்கிய உரிமம் இருந்தாலும் விலக்கு உண்டு. மாநிலம் 'உரிமம் வேண்டாம்' என்று சொல்லிவிட்டதால் கூட்டாட்சிச் சட்டத்தில் அந்த விலக்கு தானாக வந்துவிடாது. பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடக் காலையில் காரை எடுக்கிறீர்கள், இடுப்பில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி, கையில் உரிமம் இல்லை என்றால் தெருமுனை தாண்டும் முன்பே நீங்கள் கூட்டாட்சிக் குற்றத்தில் நிற்கக்கூடும். 40 டாலர் விண்ணப்பக் கட்டணத்தில் தீர்கிற விஷயம் இது.

இதில் நமக்கென்று தனியாக ஓர் ஆபத்தும் இருக்கிறது. குடியுரிமை பெற்றவர் சிறிய ஆயுதக் குற்றத்தில் மாட்டினால் அபராதத்தோடு போகலாம். கிரீன் கார்டில் இருப்பவருக்கு அப்படி இல்லை. துப்பாக்கியைச் சட்டத்துக்கு மாறாக வைத்திருந்தது, எடுத்துச் சென்றது என்று தண்டனை பெற்றால் அதுவே நாடுகடத்தலுக்குக் காரணமாகும் என்று குடிவரவுச் சட்டம் தனிப் பிரிவே வைத்திருக்கிறது. விருந்தில் நான்கு பெக் போட்டுவிட்டு இடுப்பில் துப்பாக்கியோடு தெருவில் நிற்பதும் டெக்சஸில் குற்றம். இருபது ஆண்டு உழைத்துக் கட்டிய வாழ்க்கையை இப்படியா பணயம் வைப்பது?

எச்-1பி வேலை விசாவிலும் எஃப்-1 மாணவர் விசாவிலும் இருக்கும் தம்பிகளுக்கும், ஊரிலிருந்து சுற்றுலா விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் இன்னும் கடுமை. குடிவரவு சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அதில் அடங்கும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது சட்டம் தரும் விலக்குகளில் ஒன்று. டெக்சஸ் வேட்டை உரிமத்தை வெளியூர்க்காரரும் வாங்கலாம். ஆனால் அதை வாங்காமலே "அப்பாவும் ஒரு தடவை சுட்டுப் பார்க்கட்டும்" என்று கையில் கொடுத்துப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறோம். சுட்டவர் மட்டுமல்ல, தெரிந்தே கொடுத்தவரும் பொறுப்பாவார்.

இனி வீட்டுக்குள் வருகிறேன். இந்த மடலை எழுத வைத்ததே அதுதான்.

ஒரு புதுமனைப் புகுவிழாவில் விருந்தினர் மேலங்கிகளையும் கைப்பைகளையும் பெரிய படுக்கையறைக் கட்டிலில் குவித்திருந்தார்கள். பிள்ளைகள் அங்கேதான் ஒளிந்து பிடித்து விளையாடினார்கள். கட்டில் பக்கத்து மேசை இழுப்பறையில், பூட்டு இல்லாமல், தோட்டா மேகசின் மாட்டிய கைத்துப்பாக்கி இருந்தது. வீட்டுக்காரர் பெருமையோடு திறந்து காட்டியதால்தான் எனக்கே தெரியும். அன்று ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றியது அதிர்ஷ்டம் மட்டும்தான்.

டெக்சஸ் சட்டம் இந்த விஷயத்தில் மிகக் குறைவாகவே கேட்கிறது. அசட்டையால் 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை கையில், உடனே சுடக்கூடிய நிலையில் துப்பாக்கி கிடைத்துவிட்டால் அது குற்றம். பிள்ளை சுட்டு உயிரோ உடலோ பெரிதாகப் பாதிக்கப்பட்டால் தண்டனை கூடும். 17 வயது ஆகிவிட்டால் அந்தப் பிரிவு பேசுவதே இல்லை. நம் வீடுகளில் 17 வயது எப்படிப்பட்ட வயது என்று எல்லோருக்கும் தெரியும். எஸ்.ஏ.டி. மதிப்பெண், கல்லூரி விண்ணப்பம், மாமா பிள்ளையோடு ஒப்பீடு, யாரிடமும் சொல்ல முடியாத காதல் தோல்வி.

2022-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,204 பேர். அதில் 27,032 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கும் மேல். திருடன் வருவான் என்று பயந்து வாங்குகிறோம், ஆனால் கணக்கு வீட்டுக்குள் இருப்பவர் பக்கம் கைநீட்டுகிறது. மற்ற வழிகளில் முயன்ற பலர் பிழைக்கிறார்கள், மனம் மாறி வாழ்கிறார்கள். துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. அந்தக் கொடிய வேளை பெரும்பாலும் நீண்ட நேரம் நிற்பதில்லை. நடுவில் ஒரு பூட்டு இருந்தால் அது கடந்துபோக வாய்ப்பு உண்டு.

ஆகவே கட்டிலருகே கைரேகையிலோ எண்ணிலோ திறக்கும் சிறு பெட்டகம் ஒன்றைப் பொருத்துங்கள். நூறு, இருநூறு டாலருக்குக் கிடைக்கிறது. பழகினால் சில நொடிகளில் திறந்துவிடலாம் என்பதால் 'அவசரத்துக்கு உதவாது' என்ற வாதம் நிற்காது. எண்ணைப் பிறந்தநாளாக வைக்காதீர்கள், பிள்ளைகள் முதலில் அதைத்தான் அழுத்திப் பார்ப்பார்கள். நீண்ட துப்பாக்கிகளுக்குத் தனிப் பெட்டகம். வீட்டில் யாராவது மனம் உடைந்து இருக்கிறார்கள் என்று பட்டால், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படித் தகுதியுள்ள நண்பர் வீட்டில் சில காலம் கொடுத்து வையுங்கள். மானக்கேடு என்று நினைக்காதீர்கள். தற்கொலைத் தடுப்பு, மனநெருக்கடி உதவிக்கான 988 எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

விருந்துக்குப் போகும் வீட்டில் "துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா?" என்று கேளுங்கள். ஒவ்வாமை பற்றிக் கேட்கிறோம், நாய் இருக்கிறதா என்று கேட்கிறோம். இதைக் கேட்க மட்டும் ஏன் தயக்கம்?

காரைப் பற்றி ஒரு வார்த்தை. கோயிலுக்குள் கொண்டுபோக வேண்டாமே என்று பலர் துப்பாக்கியைக் காருக்குள்ளேயே வைத்துவிட்டு இறங்குகிறார்கள். கண்ணாடியை உடைக்க ஒரு நொடி போதும். திருட்டுப்போன துப்பாக்கி எங்கே போய் யார் கையில் வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. இருக்கையின் கீழ் கம்பிவடத்தால் பிணைத்த பெட்டி ஒன்றாவது வையுங்கள்.

ரேஞ்சுக்குத் தூக்கிப்போகும் பையை ஊர்ப் பயணத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். மடிப்பில் ஒளிந்த ஒற்றைத் தோட்டா சென்னை விமான நிலையத்தில் திரும்பும்போது எக்ஸ்ரேயில் தெரிந்தால் இந்திய ஆயுதச் சட்டம் 25ஆம் பிரிவில் வழக்கு வரும். தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட பல வழக்குகளை ரத்து செய்திருக்கிறது. ஆனால் அதுவரை விமானமும் போய், விடுப்பும் போய், நீதிமன்ற வாசலில் நிற்பது நீங்கள்தான்.

கோயில், தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். 2019 முதல், அறிவிப்பு தராத வழிபாட்டுத் தலத்துக்குள் உரிமம் உள்ளவர் துப்பாக்கியோடு வரலாம். வேண்டாம் என்றால் அதைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். உரிமத்தோடு மறைத்து வருபவருக்கு 30.06, வெளிப்படையாக வருபவருக்கு 30.07, உரிமம் இல்லாதவருக்கு 30.05 என்று டெக்சஸ் தண்டனைச் சட்டப் பிரிவு எண்களால் அழைக்கப்படும் தனித்தனி அறிவிப்புப் பலகைகள் இருக்கின்றன. "துப்பாக்கிக்கு அனுமதி இல்லை" என்று அழகாகத் தமிழில் மட்டும் எழுதி ஒட்டினால் சட்டத்தின் முன் நிற்காது. 30.06, 30.07 பலகைகளுக்குச் சட்டம் வகுத்த வாசகம் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும், ஓர் அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில், நுழைவாயிலில் தெளிவாகத் தெரிய வேண்டும். பாதுகாப்புக் குழுவுக்கு மட்டும் அனுமதி தருவதா, யாருக்கும் கூடாதா என்று பொதுக்குழுவில் பேசி முடிவெடுங்கள். எந்த முடிவானாலும் பக்தர்களுக்குத் தெரியப்படுத்துங்கள்.

உரிமம் எடுக்க முன்வருபவர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு பயிற்றுநரை அழைத்து நமக்கென்றே வகுப்பு வைக்கலாம். சட்டப் பகுதியைத் தமிழில் விளக்க நான் உடனிருக்கிறேன். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கலாம். துப்பாக்கி வாங்காத மனைவியோ கணவனோ கூட வந்து உட்காருங்கள், ஏனென்றால் அதே வீட்டில்தான் நீங்களும் இருக்கிறீர்கள். உங்கள் ஊர்ச் சங்கத்தில் இந்த மடலைக் காட்டிப் பெயர்களைச் சேர்க்கத் தொடங்குங்கள்.

அன்புடன்,
ஹூஸ்டனிலிருந்து ஒரு துப்பாக்கி உரிமையாளர், இரு பிள்ளைகளின் தகப்பன்