செறிவு இரட்டித்தால் வேகமும் இரட்டிக்குமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வந்த பிளஸ் டூ வேதியியல் வினா விடையில், வினைபடுபொருளின் செறிவை இரண்டு மடங்காக்கினால் வினைவேகமும் இரண்டு மடங்காகும் என்று பொதுவிதி போல அச்சாகியிருந்தது. வேகம் செறிவுக்கு நேர்விகிதத்தில் மாறும் முதல் வகை வினைக்குத்தான் அது சரி. நைட்ரிக் ஆக்சைடு ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் டை ஆக்சைடு ஆகும்போது, நைட்ரிக் ஆக்சைடின் செறிவை இரட்டித்தால் வேகம் நான்கு மடங்காகும். அமிலக் கரைசலில் அசிட்டோனோடு வினைபுரியும் அயோடினைக் கூட்டினாலும் குறைத்தாலும் வேகம் மாறாது. எந்த வினை எந்த வகை என்பதைச் சமன்பாட்டில் உள்ள எண்களைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. செய்து பார்த்துத்தான் அறிய வேண்டும்.

செய்து பார்க்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. சோடியம் தயோசல்பேட் படிகம் 24.8 கிராம் எடுத்து, வாலைவடிநீரில் கரைத்து ஒரு லிட்டராக்கினால் 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) கரைசல். இதில் 50, 40, 30, 20, 10 மி.லி. என ஐந்து கூம்புக் குடுவைகளில் எடுத்து, குறைவதற்குத் தண்ணீர் சேர்த்து எல்லாவற்றையும் 50 மி.லி. ஆக்க வேண்டும். வெள்ளைத்தாளில் பேனாவால் பெருக்கல் குறி போட்டு அதன்மேல் குடுவையை வைத்து, 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மி.லி. ஊற்றி, ஊற்றிய நொடியிலிருந்து குறி மறையும் வரை நேரம் பார்க்க வேண்டும். மறைப்பது வினையில் பிரியும் கந்தகம்.

பலர் கோட்டை விடுவது தண்ணீர் சேர்க்கும் இடத்தில்தான். தண்ணீர் சேர்க்காமல் 10 மி.லி., 20 மி.லி. என்று கரைசலை மட்டும் எடுத்தால் மாறுவது பெரும்பாலும் அளவுதான். செறிவு நினைத்த விகிதத்தில் மாறாது. போதாததற்கு, குடுவையில் கரைசலின் ஆழமும் மாறுவதால் குறி மறையும் நேரமே பொய்யாகிவிடும். அமிலத்திலும் கஞ்சத்தனம் கூடாது. 50 மி.லி. கரைசலில் 5 மில்லிமோல் தயோசல்பேட் இருக்கிறது, ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அதற்கு 10 மில்லிமோல் அமிலம் வேண்டும். 1 மோலார் அமிலம் 5 மி.லி. ஊற்றினால் பாதிக்குத்தான் வரும்.

நேரத்தை அப்படியே செறிவுக்கு எதிராக வரைந்தால் வளைகோடுதான் கிடைக்கும். வேகத்தின் அளவாக 1-ஐ நேரத்தால் வகுத்து வரைந்தால் ஏறக்குறைய நேர்கோடு வரும். தயோசல்பேட்டைப் பொறுத்தவரை இது முதல் வகை என்பதற்கு அதுவே சான்று. கடைசிப் புள்ளி, அதாவது 10 மி.லி. குடுவை, கோட்டுக்குக் கீழே இறங்கினால் மாணவரைத் திட்ட வேண்டாம். குறியை மறைக்கத் தேவையான கந்தகம் எல்லாக் குடுவைக்கும் ஒன்றுதான். நீர்த்த கரைசலில் அதைத் தருவதற்குள் தயோசல்பேட்டில் கணிசமான பங்கு தீர்ந்து, வேகம் தளர்ந்துவிடுகிறது.

நம் மதுரைப் பக்கத்துக்கென்று ஒரு தொல்லை உண்டு: வெயில். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். காலையில் இரண்டு குடுவையும் மதியம் தகரக்கூரை சுட்ட பிறகு மூன்று குடுவையும் செய்தால், செறிவின் விளைவா வெயிலின் விளைவா என்று யாராலும் பிரிக்க முடியாது. இரண்டு கரைசல்களையும் ஒரே தண்ணீர்த் தொட்டியில் அரைமணி நேரம் வைத்துவிட்டு, ஐந்தையும் ஒரே மூச்சில், ஒரே ஆள் பார்த்து முடிப்பதே வழி. குடுவைகள் ஒரே அகலம் இருக்கட்டும். முந்தைய வகுப்பின் கந்தகம் ஒட்டியிருந்தால் தேய்த்துக் கழுவிவிட்டு எடுங்கள்.

சல்பர் டை ஆக்சைடு வரும் என்பதால் ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். குறி மறைந்ததும் குடுவையைச் சலவைச்சோடா கரைத்த வாளியில் கொட்டிவிட்டால் வாயு அடங்கும். திருத்தத்தோடு இந்தச் செய்முறையையும் மாணவர் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.